பாதிக் கோட்டுக்குக் கீழே நடப்பது

உயிரினங்கள் பெருகும் விதத்தைக் கணிக்க, பெல்ஜியக் கணிதவியலாளர் பியர் ஃபிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட் 1838இல் தந்த லாஜிஸ்டிக் சமன்பாட்டுக்கு இரண்டு எண்கள் போதும். ஒன்று வளர்ச்சி வீதம். இன்னொன்று தாங்குதிறன்: இருக்கும் உணவிலும் இடத்திலும் அதிகபட்சம் எத்தனை உயிர்கள் நிலைத்து வாழலாம் என்ற எண்ணிக்கை.

ஆண்டுப் பெருக்கம் = வீதம் × எண்ணிக்கை × (1 − எண்ணிக்கை ÷ தாங்குதிறன்)

அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் கடிவாளம். தாங்குதிறன் 1,000, வீதம் 0.5 உள்ள ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். 100 மீன்கள் இருந்தால் ஆண்டுக்கு 45 கூடும். 500 இருந்தால் 125. 900 இருந்தால் மறுபடியும் 45தான். தாங்குதிறனில் சரிபாதியில்தான் பெருக்கம் உச்சம் தொடுகிறது. அப்படியானால் மீனை 500இல் நிறுத்தி, ஆண்டுதோறும் 125 பிடித்தால் என்றைக்கும் குறையாதே என்று தோன்றும்.

ஆபத்து அங்கேதான். ஒரு வறட்சியில் மீன்கள் 450 ஆகிவிட்டன என்று வையுங்கள். அந்த ஆண்டு கூடுவது 123.75, பிடிப்பதோ 125. பற்றாக்குறை 1.25தான்; கணக்கெடுப்பில் கண்ணுக்கே படாது. ஆனால் எண்ணிக்கை குறையக் குறையப் பெருக்கமும் சுருங்கும், பற்றாக்குறை ஆண்டுக்காண்டு பெரிதாகும். 300க்கு வரும்போது கூடுவது 105, இழப்பு 20. அதே பிடிப்பு தொடர்ந்தால் ஏரி காலியாவது உறுதி.

125 என்று எண்ணிக்கையை நிர்ணயிக்காமல், இருப்பதில் 25 சதவீதம் என்று வைத்தால் கதையே வேறு. 450இல் பிடிப்பு 112.5ஆகத் தானே இறங்கும், மீதமாகும் 11.25 மீன்வளத்தை மெல்ல 500க்கே கொண்டுவரும். ஆனால் இதற்கு ஆண்டுதோறும் இருப்பை ஓரளவு சரியாக மதிப்பிட்டாக வேண்டும். நடைமுறையில் மிகக் கடினமான வேலை அதுதான்.

தாங்குதிறனும் மாறாத எண் அல்ல. அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 1944இல் விடப்பட்ட 29 பனிமான்கள், வேட்டையாடும் விலங்குகள் இல்லாததால், 1963க்குள் சுமார் 6,000 ஆயின. குளிர்கால உணவான லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி) வளரும் வேகத்தைவிட வேகமாக அதை மேய்ந்து தீர்த்தன. கடுங்குளிர் ஒன்று தாக்கியது. 1966இல் எஞ்சியவை 42. தின்பவையே தாங்குதிறனை அழிக்கும் இந்த நிலையை மேலே உள்ள எளிய சமன்பாடு காட்டாது.

ஆகவே பிடிப்பின் அளவை உச்சத்துக்குக் கீழேயே வைப்பது நல்லது. அதே ஏரியில் ஆண்டுக்கு 125க்குப் பதில் 100 பிடித்தால் மீன்கள் 724 அளவில் நிலைபெறும். எண்ணிக்கை 276க்குக் கீழே போனால்தான் சரிவு தொடங்கும்.