'வருகிறேன்' என்றால் எந்தப் பக்கம்?

குன்னூரில் இருக்கும் தம்பி ஊட்டியில் இருக்கும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, "நாளைக்கு வருகிறேன் அண்ணா" என்கிறான். ரயிலேறி அவன் குன்னூரை விட்டு விலகத்தான் போகிறான். ஆனாலும் 'போகிறேன்' என்று சொல்ல அவனுக்கு நா எழாது. பக்கத்து வீட்டாரிடம் மட்டும் "ஊட்டிக்குப் போகிறேன்" என்பான். பாதை ஒன்றுதான், கேட்பவர் இருக்கும் இடம் வினையை மாற்றிவிடுகிறது.

ஆங்கிலத்தின் 'கம்', 'கோ' இரண்டும் இங்கே தமிழைப் போலவே நடக்கின்றன. ஸ்பானிய மொழியில் அப்படியில்லை. அங்கே 'வருதல்' பேசுபவரின் பக்கத்துக்கு மட்டுமே உரியது. கூப்பிட்டவருக்கு "இதோ போகிறேன்" என்றே பதில் சொல்ல வேண்டும்.

'கம்' என்பதற்கு நகர்தல் என்று மட்டும் பொருள் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். சேரும் இடத்தில் யார் இருக்கிறார் என்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1971இல் கலிபோர்னியாவில் ஆற்றிய உரைகளில் இதை நுணுக்கமாக ஆராய்ந்தார். பேசுபவர் இப்போது அங்கே இருக்கலாம், அல்லது அந்த நிகழ்ச்சியின்போது இருந்திருக்கலாம். கேட்பவர் இருந்தாலும் போதும். ஒருவருமே இல்லாவிட்டாலும், அது பேசுபவரின் வீடாக இருந்தால் 'கம்' பொருந்தும்: "நேற்று என் வீட்டுக்கு வந்தாராம், நான் கோவையில் இருந்தேன்." ஆனால் விடைபெறும்போது நாம் சொல்லும் 'வருகிறேன்' திரும்பி வருவதைக் குறிப்பது. அதை 'ஐ ஆம் கமிங்' என்று சொன்னால் ஆங்கிலேயருக்கு விளங்காது.

இந்த நுட்பத்தைத் தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே விதியாக வகுத்திருக்கிறது என்பதை நினைக்கும்தோறும் வியப்பு அடங்குவதில்லை: "தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீர் இடத்த." செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. அதாவது எனக்கும் உனக்கும் 'தா', அவனுக்குக் 'கொடு'. ஆங்கிலத்தில் கொடுப்பதற்கு இந்தப் பிரிவு கிடையாது. எல்லாருக்கும் ஒரே 'கிவ்'தான்.

1930களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவுசெய்த மொழியியலாளர் மரே எமனோ, அவற்றிலும் 'தா', 'கொடு' என்ற பிரிவு உயிரோடு இருப்பதைக் கண்டார். 1945இல் வெளியிட்ட கட்டுரையில் பிற திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு, இது அவை அனைத்துக்கும் தாயான மூலத் திராவிடத்திலிருந்தே வரும் பண்பு என்று காட்டினார். ஏட்டில் எழுதப்படாத மலைமொழிகள் இந்த விதியைப் பேச்சிலேயே காத்து வந்திருக்கின்றன. மலையாளத்திலும் அது நிலைத்திருக்கிறது. இன்றைய தமிழில்தான் "எனக்குக் கொடு" என்பதும் "அவனுக்குத் தந்தேன்" என்பதும் தடையின்றி வழங்குகின்றன.