கொடிமலையைக் காணவில்லை என்கிறது கிரெப்

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டி இயக்கும் திரையில், குறிப்பு எழுதி வைக்கத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். எக்கோ என்ற கட்டளை, எழுத வேண்டிய வரி, பிறகு >> குறி, கடைசியில் கோப்பின் பெயர். எண்டர் தட்டினால் வரி கோப்பின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு சொல் உள்ள வரிகளைக் கோப்பில் தேடி எடுக்க கிரெப் என்ற கட்டளை. பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் என் மச்சான் ஆர்டர்களை இப்படித்தான் குறித்து வைக்கிறார்: ‘தைப்பூசம், தண்ணீர்மலை, சாமந்தி 2 கூடை, முன்பணம் 50 வெள்ளி’. ஓர் ஆர்டருக்கு ஒரு வரி.

இதில் எக்கோவுக்குக் கோப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. கொடுத்ததை 1 என்று எண்ணிட்ட வாயில் வழியே வெளியே தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த வாயில் வழக்கமாகத் திரையைப் பார்த்துத் திறந்திருக்கும். >> குறியைக் கண்டதும், எக்கோ ஓடத் தொடங்கும் முன்பே, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல், கோப்பைத் திறந்து வாயிலை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. எதை எழுதினாலும் கடைசியில் சேர்க்கும்படி இயங்குதளத்திடமும் சொல்லிவிடுகிறது. > ஒன்றை மட்டும் போட்டால் கதை வேறு. கோப்பைத் திறக்கும்போதே ஷெல் அதைக் காலி செய்துவிடும். பின்னால் வரும் கட்டளை பிழையாகி நின்றாலும் போனது போனதுதான். நோகிளாபர் என்ற அமைப்பைப் போட்டு வைத்தால், இருக்கும் கோப்பின் மேல் > போடுவதை ஷெல் மறுக்கும். கடைக் கணக்கு வைப்பவர்கள் முதலில் அதைச் செய்யட்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன் கிரெப்பை எழுதியது 1973 வாக்கில். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு அப்போது கிடையாது. 1992இல் அதே தாம்சன், சக பணியாளர் ராப் பைக்குடன் ஒரு நியூஜெர்சி உணவகத்தில் உட்கார்ந்து, அந்த எண்களை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையை வடிவமைத்தார். அந்த முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறிக்கும் (ககரம் ஒரு குறி, அதோடு சேரும் கொம்பு, கால், புள்ளி தனித்தனிக் குறி) மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224. ‘க’ என்பது 224, 174, 149. தொடக்க பைட்டும் நடுவில் வரும் பைட்டும் வெவ்வேறு எண் வரம்பில் இருப்பதால், ஓர் எழுத்தின் பாதியும் அடுத்ததன் பாதியும் சேர்ந்து மூன்றாவது எழுத்தாகத் தெரியும் குழப்பம் வராது. அதனால்தான் ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியாத கிரெப், பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டே தமிழில் தேடிவிடுகிறது.

ஆனால் ‘கொடிமலை’ (பினாங்கு மலையின் தமிழ்ப் பெயர்) என்று தேடும்போது, கண்ணெதிரே இருக்கும் வரி சில நேரம் சிக்காது. நமக்கு அது நாலெழுத்து. கணினிக்கு 7 குறிகள், 21 பைட்டுகள். சிக்கல் முதல் எழுத்தில். ‘கொ’வை எழுத யூனிகோடில் இரண்டு வழி உண்டு. ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தால் 6 பைட். கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தால் 9. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி, ஆனால் கிரெப் அதைப் பார்ப்பதில்லை. கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த 2001 வாக்கில் டிஸ்கி, டாப், டாம் என்று, தமிழ் எழுத்துகளை எண்ணாக்கும் பல குறியேற்றங்கள் புழங்கின. டிஸ்கியில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிப்பார்கள். அந்தக் காலத்துக் கோப்புகளைக் கவனமில்லாமல் யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் பிரிந்தே வந்து சேரும். மருந்து எளிது: யூகான்வ் என்ற கருவியில் ஒருமுறை கோப்பை ஓட்டி, எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடலாம். பைத்தான் நிரல்மொழியிலும் சில வரிகளில் முடியும்.

அப்புறம் வேற்றுமை உருபுகள். ‘கடன்’ என்று தேடினால் ‘கடனை’, ‘கடனுக்கு’ வராது. மெய்யின் மேல் உயிர் ஏறும் என்று பள்ளியில் படித்தோம். யூனிகோடில் தலைகீழ்: ‘ன’தான் அடிப்படை, ‘ன்’ என்பது அதோடு ஒரு புள்ளிக் குறி. ஆகவே புள்ளியை விட்டுவிட்டு ‘கடன’ என்று தேடினால் மூன்றும் வரும். ‘முன்பண’ என்றால் முன்பணமும் வரும், முன்பணத்தையும் வரும். ரொம்பவும் குறைத்துவிடக் கூடாது. பூச்சரத்தைத் தேடி ‘சர’ என்று தட்டினால், மச்சான் ‘சரி’ என்று எழுதிய வரியெல்லாம் வந்து நிற்கும்.