பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தூண்டில் போடப் போகிறீர்களா? வைகை அணையிலும் கண்மாயிலும் யாரிடம் கேட்க வேண்டும்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மதுரைப் பக்கம் நிறையப் பேர் கேட்கிற கேள்வி இது. பையனையோ பொண்ணையோ கூட்டிக்கொண்டு வைகை அணைக்கோ ஊர்க் கண்மாய்க்கோ போய் ஒரு தூண்டில் போட்டால் யாராவது தடுப்பார்களா, லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா? சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர் அரசாங்கத்துடையதாக இருக்கலாம், ஆனால் அதிலிருக்கும் மீனைப் பிடிக்கிற உரிமை பெரும்பாலும் வேறு யாரோ ஒருவர் கையில் இருக்கும். அவர் யார் என்று விசாரித்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் முக்கால்வாசிச் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும்.

"கண்மாய் பொதுச் சொத்துதானே, நான் மீன் பிடித்தால் என்ன?" என்று வாதம் பண்ணுகிறவர்கள் உண்டு. இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தது, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் அதில் 'தனியார் நீர்நிலை' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் இந்த வாதம் நிற்காது. ஒருவருக்குச் சொந்தமான நீர்நிலை மட்டுமல்ல, குத்தகை மூலமாகவோ வேறு வகையிலோ மீன்பிடிக்கும் தனி உரிமை ஒருவரிடம் அப்போதைக்கு இருந்தாலே அது தனியார் நீர்நிலைதான் என்கிறது சட்டம். ஊர்க்காரர்களுக்கு வழக்கப்படி மீன்பிடிக்கும் உரிமை இருந்தாலும், அதனால் மட்டும் அந்தத் தன்மை மாறிவிடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. ஆக, கரை அரசுடையது, மடை அரசுடையது, மீன் மட்டும் ஏலம் எடுத்தவருடையது.

மீன்பாசி ஏலம் என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான். பெரிய ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன (இன்னும் எல்லாரும் பொதுப்பணித்துறைக் கண்மாய் என்றுதான் சொல்வார்கள்), சுமார் 100 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்கிற சின்னக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். குத்தகைக் காலத்தைப் பசலி ஆண்டுக் கணக்கில்தான் வைப்பது வழக்கம், அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. அதனால் மே மாதத்தில் ஒருவர் "தாராளமா போட்டுக்கங்க தம்பி" என்று சொன்ன கண்மாய்க்கு ஆகஸ்டில் போனால் அங்கே வேறு ஆள் காவல் நிற்கலாம். போன தடவை விட்டார்களே என்று சண்டை போடாதீர்கள், அவர் பணம் கட்டி எடுத்திருக்கிறார், குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார், நாலு பேர் தூண்டில் போட்டால் நாற்பது பேர் வருவார்கள் என்ற பயம் அவருக்கு நியாயமான பயம்தான்.

யார் குத்தகைதாரர் என்று தெரியவில்லையா? கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அதையெல்லாம் விட வேகமான வழி கண்மாய்க்கரை டீக்கடை. குழந்தையோடு வந்து, "அண்ணே, புள்ளை ஆசைப்படுது, ஒரு மணி நேரம் தூண்டி போட்டுக்கறோம், கிடைக்கிறதைத் திரும்ப விட்டுடறோம்" என்று கேட்கிறவரை விரட்டுகிற குத்தகைதாரர் அபூர்வம். சிலர் ஒரு தொகை கேட்பார்கள், கொடுத்துவிடலாம். வலையைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டால் மட்டும் வேறு மாதிரி பதில் வரும்.

கேட்காமல் பிடித்தால்? அடைபட்ட குளத்திலோ கண்மாயிலோ குத்தகைதாரர் வளர்க்கும் மீனை எடுப்பது திருட்டு வழக்காகவே போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303-வது பிரிவு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதல் தடவையாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை தண்டனை என்று அதில் இருக்கிறது. இரண்டு ஜிலேபி மீனுக்காக யாரும் அந்த அளவுக்குப் போகமாட்டார்கள்தான், ஆனால் ஸ்டேஷன் வாசலில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் மத்தியானம் ஒன்று நமக்கு வேண்டுமா? குழந்தையைப் பொறுத்தவரை 7 வயதுக்குக் கீழ் என்றால் எதுவுமே குற்றமாகாது, 7-லிருந்து 12-க்குள் என்றால் செய்ததன் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்ப்பார்கள். கூட்டிக்கொண்டு போன பெரியவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, வைகை அணை. 1959-ல் திறந்தது, ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் மதுரைக்காரர்களுக்கு அது நம்ம அணைதான். அணையின் பராமரிப்பும் தண்ணீர் திறப்பும் நீர்வளத் துறை, மீன் விஷயம் மீன்வளத் துறை. இரண்டும் வேறு வேறு ஆபீஸ் என்பதைப் புரிந்துகொள்ளாமல் பூங்கா வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் போய்த் தூண்டில் அனுமதி கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பூங்கா டிக்கெட் பூங்காவைச் சுற்றிப் பார்க்க மட்டும்தான். அணைப் பகுதியிலேயே மீன்வளத் துறையின் மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை அணையில் விடுவது அந்தத் துறை. பரிசலில் போய் வலை போட்டுப் பிழைக்கிற உள்நாட்டு மீனவர்கள் கூட்டுறவுச் சங்கமாக இருக்கிறார்கள், மீன்பிடி உரிமையைத் தனியாருக்குக் கொடுப்பதா சங்கத்துக்கே விடுவதா என்று இங்கே தகராறு நடந்ததும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் நாம் விளையாட்டுக்குத் தூண்டில் போடப் போகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. வாய்மொழியாகச் சொன்னால் போதாது என்றால் ஒரு வெள்ளைத்தாளில் பெயர், முகவரி, போகிற நாள், தூண்டில் மட்டும்தான், வலை இல்லை என்று எழுதிக் கொடுங்கள்.

அணையில் மதகுப் பக்கமும் மேல்தளமும் அனுமதி இல்லாத இடங்கள், அதில் பேரம் கிடையாது. அதைவிட முக்கியம் அணைக்குக் கீழே ஆற்றில் நிற்பது. முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது எச்சரிக்கை, அதோடு உபரி நீர் திறப்பும் வரும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் சேர்த்துத்தான் அந்த எச்சரிக்கை. அக்டோபர், நவம்பரில் நீர்மட்டம் 65-ஐத் தாண்டிவிட்டது என்று செய்தியில் பார்த்தால் ஆற்றுக்குள் குழந்தையோடு இறங்குகிற யோசனையையே விட்டுவிடுங்கள். நம்ம ஊரில் மழையே பெய்திருக்காது, வருசநாட்டு மலையிலும் பெரியாற்றுப் பக்கமும் பெய்தது இங்கே வந்து சேரும்.

கண்மாயில் ஆபத்து வேறு வகை. கோடையில் வட்டாட்சியர் அனுமதியோடு வண்டல் மண் அள்ளுவார்கள், அனுமதி இல்லாமலும் அள்ளுவார்கள், மழைக்குப் பிறகு அந்தக் குழிகள் தண்ணீருக்கடியில் மறைந்துபோகும். முழங்கால் ஆழம் என்று நினைத்து ஒரு அடி தள்ளி வைத்தால் ஆள் மட்டத்துக்கு மேலே. மதுரை மாவட்டச் செய்திகளில் ஒவ்வொரு வருஷமும் லீவு நாளில் சிறுவர்கள் பலியாவது பெரும்பாலும் இப்படித்தான். கரையிலிருந்துதான் தூண்டில், தண்ணீருக்குள் கால் வைக்கக்கூடாது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். தூண்டில் முள் தண்ணீருக்கடியில் எதிலாவது மாட்டிக்கொண்டால் தூண்டில் நரம்பை அறுத்துவிடுங்கள், பத்து ரூபாய் முள்ளுக்காகக் குழந்தையை இறக்கி எடுக்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஏதாவது ஆகிவிட்டால் 112 அல்லது 108.

யூடியூபில் வெளிநாட்டு அப்பாக்கள் பிள்ளைகளோடு நீர்த்தேக்கத்தில் ட்ரவுட் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, அது இங்கே எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். வைகையில் கிடைக்காது. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும், 20 டிகிரிக்கு மேலே போனாலே அதற்குத் திணறல்தான், நம்ம அணைத் தண்ணீர் வெயில் காலத்தில் எப்படி இருக்கும் என்று கையை விட்டுப் பார்த்தாலே தெரியும். தமிழ்நாட்டில் அது நீலகிரி மீன். அதுவும் அந்த மண்ணின் மீன் இல்லை, 1860-களில் கொண்டுவந்த முயற்சி பலிக்காமல், 1900-களின் தொடக்கத்தில் மீன்வள நிபுணர் ஹெச்.சி. வில்சன் காலத்தில்தான் நிலைத்தது, அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகம் வந்தது. அங்கே தூண்டில் போட மீன்வளத் துறையிடம் உரிமம் வாங்குவது பழைய நடைமுறை, அப்புறம் அவலாஞ்சிப் பக்கம் வனத்துறைக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ளும். ஊட்டி அலுவலகத்தில் பேசாமல் கார் எடுத்துக்கொண்டு மலையேறாதீர்கள். கொடைக்கானல் ஏரியிலும் இப்படித்தான், மீன்வளத் துறையிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

வனத்துறை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டுகிறவர்கள் அதிகம் இங்கேதான். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மீன் பிடிப்பது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது, அதற்குள்ளே இருக்கும் ஓடையும் குட்டையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூண்டிலைக் காரிலேயே வைத்துவிடுங்கள். தேக்கடி ஏரி கேரளாவின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது, அங்கே சுற்றுலாக்காரர் தூண்டில் போடுகிற பேச்சே இல்லை. தெப்பக்குளம் கோயில் சொத்து, அதையும் மறந்துவிடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்று டிவியில் சொல்வதைக் கேட்டுவிட்டு அணைக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறார்கள். அது கடலுக்கு, கிழக்குக் கடற்கரை விசைப்படகுகளுக்கு. கண்மாய்க்கும் வைகைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் 1897 சட்டத்தின் 6-வது பிரிவுப்படி மாநில அரசு குறிப்பிட்ட ஒரு நீர்நிலையில் இரண்டு வருஷம் வரைக்கும் மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்க முடியும், வலையின் அளவையும் விதியாக்க முடியும். அதே சட்டத்தில் 4-வது பிரிவு வெடி போட்டு மீன் பிடிப்பதையும், 5-வது பிரிவு விஷம், சுண்ணாம்பு போன்றவற்றைத் தண்ணீரில் கலப்பதையும் தண்டிக்கிறது. "தாத்தா காலத்தில் சுண்ணாம்புதான் போடுவோம்" என்று பெருமையாகச் சொல்கிற உறவுக்காரர் கூட வந்தால் அவரைக் கரையிலேயே உட்கார வையுங்கள். இந்தக் குற்றங்களைப் போலீஸ்காரர் கண்ணால் பார்த்து, செய்தவர் பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தாலோ சொன்னது பொய் என்று சந்தேகப்பட்டாலோ வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம் என்கிறது 7-வது பிரிவு.

பிடித்த மீனில் எதை விடுவது, எதை விடக்கூடாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும், தண்ணீர் மேலே செக்கச்செவேல் என்று குஞ்சுகள் மொய்த்தால் அந்த இடத்தில் தூண்டில் வேண்டாம், காவல் நிற்கும் மீனைத் தூக்கினால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் நேர் எதிர், அதை வளர்க்க 2000-லிருந்தே நாட்டில் தடை, நம்ம ஊர் மீனையெல்லாம் தின்று தீர்க்கும், திரும்பத் தண்ணீரில் விடக்கூடாது.

லைசென்ஸ், குத்தகை எந்தத் தலைவலியும் இல்லாமல் பிள்ளைக்கு மீன்பிடிப்பைக் காட்ட வேண்டுமா? கோடையில் கண்மாய் வற்றும்போது மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஏலம் விடாமல் ஊர்ப் பொதுவில் வைத்திருக்கும் கண்மாய்களில் இது அதிகம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் கரையில் நிற்கும் கூட்டம் மொத்தமும் ஊத்தா, கச்சா, கூடை, கொசுவலை, கையில் கிடைத்ததோடு உள்ளே இறங்கும். வெளியூர்க்காரர்களையும் பொதுவாக யாரும் தடுப்பதில்லை, சில ஊரில் கட்டணம் உண்டு. பிடித்ததை விற்பதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துவிடுவார்கள். துண்டு வீசுவதற்கு முன்னால் இறங்குவது மட்டும் ஊர்க்குத்தம். சின்னப் பிள்ளைகளைச் சகதிக்குள் விடாமல் கரையில் நிறுத்துங்கள், அவர்களுக்கு வேடிக்கையே போதும்.

மீனவர்களுக்கான அரசுத் திட்டங்கள் நமக்குப் பொருந்துமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் விபத்துக் காப்பீடு இருக்கிறது, உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 வரை. ஆனால் அது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர்களுக்கு இல்லை, நமக்காகக் கேட்பதும் சரியில்லை. பரிசலில் போகிறவர் யாராவது தெரிந்தவராக இருந்து இன்னும் சேராமல் இருந்தால் சங்கம் மூலமாகவோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ பதியச் சொல்லுங்கள்.

கடைசியாக, கேட்டும் யாரும் பதில் சொல்லாத கண்மாய் என்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கண்மாய் எந்தத் துறையைச் சேர்ந்தது என்பதைப் பார்த்து, நீர்வளத் துறையின் அல்லது ஊராட்சி ஒன்றியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இந்தப் பசலியில் மீன்பாசி குத்தகை விடப்பட்டதா, யாருக்கு, எந்தத் தேதி வரை, தூண்டில் போடுவதற்கு நிபந்தனை ஏதாவது உண்டா என்று நாலே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். துறை மாறி அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை, சரியான அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பிவைக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. கோடை லீவுக்குப் போவதாக இருந்தால் மார்ச் மாதமே எழுதிப் போட்டுவிடுங்கள்.