மதுரை பள்ளிவாசல் எந்தப் பக்கம் பாக்குது? மே 28 மதியம் நீங்களே கண்டுபிடிக்கலாம்

பள்ளிவாசல் கட்டடக்கலைன்னு பேச்சு எடுத்தா எல்லாரும் மினாரா (உயரமான கோபுரம்), குப்பா (குவிமாடம்)ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அது ரெண்டும் இல்லாத பள்ளிவாசல் நம்ம பக்கத்து கிராமங்கள்ல எத்தனையோ இருக்கு, சின்ன ஓட்டுக் கட்டடமா இருந்தாலும் பள்ளிவாசல் பள்ளிவாசல்தான். இல்லாம முடியாத ஒரே விஷயம் கிப்லா, அதாவது தொழும்போது முகம் வைக்கிற திசை, மக்காவுல கஅபா இருக்குற பக்கம். அந்தப் பக்கத்துச் சுவரை முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் மத்ததெல்லாம், மிஹ்ராப்ங்கற மாடம் அந்தச் சுவருக்கு நடுவுல, மிம்பர்ங்கற பிரசங்க மேடை அதுக்குப் பக்கத்துல, சஃப்ங்கற தொழுகை வரிசை எல்லாம் அந்தச் சுவருக்கு இணையா.

மிஹ்ராபை ஒரு நிமிஷம் கிட்டப் போய்ப் பாருங்க. சுவருக்குள்ள அரைவட்டமா குழிஞ்சு இருக்கும், இமாம் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அதைப் பாத்து ஓதுறாரு, மைக் இல்லாத காலத்துல அவரு குரல் அந்தக் குழிவுல பட்டுத் திரும்பித்தான் பின்னாடி சஃப்ல நிக்கிறவங்களுக்குப் போகும். இப்படிக் குழிஞ்ச மிஹ்ராப் மதீனாவுல நபி அவர்களோட பள்ளியில 8ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல, கலீபா வலீத் காலத்துல வந்தது. அதுக்கு ரொம்ப முன்னாடி, 624ல, ஜெருசலேம் பக்கம் இருந்த கிப்லாவே மக்கா பக்கம் மாறிச்சு. அந்த நினைவுக்கு மதீனாவுல மஸ்ஜிதுல் கிப்லதைன்னு ஒரு பள்ளியே இருக்கு.

சரி, மதுரையில இருந்து மக்கா எந்தப் பக்கம்? யாரைக் கேட்டாலும் மேற்குன்னுதான் சொல்லுவாங்க. ஆனா மதுரையில நேர் மேற்கா முகத்தை வச்சு அப்படியே நேரா போய்க்கிட்டே இருந்தா அரபிக்கடலைத் தாண்டி சோமாலியா கரையில போய் நிப்போம். மதுரை வடக்கு அட்சரேகை 9.9 டிகிரி, மக்கா 21.4 டிகிரி, அதனால முகத்தைக் கொஞ்சம் வடக்க திருப்பணும். எவ்வளவுங்கறதுதான் கேள்வி. சுவர்ல மாட்டுற உலக வரைபடத்துல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டா மேற்குல இருந்து சுமார் 17 டிகிரி வடக்குன்னு வரும். உலக உருண்டை மேல மதுரைக்கும் மக்காவுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடிச்சா 22 டிகிரி. பூமி உருண்டை, அதுல ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்குற குறுக்கு வழியைத் தட்டை வரைபடம் சரியா காட்டாது, அதனாலதான் இந்த 5 டிகிரி வித்தியாசம், தூரம் சுமார் 4,280 கிலோமீட்டர்ங்கறதால அந்த 5 டிகிரியே அங்க போகும்போது 300 கிலோமீட்டருக்கு மேல விலக்கிடும்.

இந்தக் கணக்கைப் போடத்தான் அந்தக் காலத்து அறிஞர்கள் கோள முக்கோணவியலை, அதாவது உருண்டை மேல போடுற முக்கோணக் கணக்கை, அவ்வளவு தூரம் வளர்த்தாங்க. 11ஆம் நூற்றாண்டுல அல்பிரூனி கஜினி ஊருக்கு கிப்லா கணக்குப் போட்டாரு. 14ஆம் நூற்றாண்டுல, நம்ம மதுரையில சுல்தான்கள் ஆட்சி நடந்து பயணி இப்னு பதூதா வந்துட்டுப் போன அதே நூற்றாண்டுல, டமாஸ்கஸ் உமய்யா பள்ளியில தொழுகை நேரம் கணிக்கிற வேலையில இருந்த அல்கலீலிங்கறவரு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிஞ்சா திசையை நேரா எடுத்துக்கலாம்ங்கற மாதிரி பெரிய அட்டவணையே போட்டு வச்சிருந்தாரு. கால்குலேட்டர் இல்லாம ஒவ்வொரு கட்டத்தையும் கையால நிரப்பியிருக்காங்க, நினைச்சாலே மலைப்பா இருக்கு.

மதுரைக்கு இதுல ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாசி வீதி, வெளி வீதின்னு நம்ம தெருவெல்லாம் கோயிலைச் சுத்திச் சதுரமா, கிட்டத்தட்ட நாலு திசையையும் பிடிச்சுப் போகுது. அந்த மாதிரி மனையில 22 டிகிரி சாய்ச்சுக் கட்டினா மூலையில முக்கோணமா இடம் வீணாப்போகும், தெருவோட ஒட்டிக் கட்டினா உள்ள சஃப் கோடு மட்டும் சாய்வா போகும். பழைய பள்ளிகள்ல நேர் மேற்கா இருந்தாலும் தொழுகைக்குக் குறை இல்ல, தூரத்துல இருக்குறவங்க அந்தத் திசைப் பக்கமா முகத்தை வச்சாலே போதும்னு ஹனஃபி மத்ஹப்ல (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகள்ல ஒண்ணு) தெளிவா சொல்லியிருக்காங்க, அதனால யாரும் பழைய பள்ளியைக் குறை சொல்ல வேண்டியதில்ல.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. வருஷத்துல ரெண்டு நாள் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில வரும். மே 28 அன்னைக்கு நம்ம நேரம் மதியம் 2:48. அந்த நிமிஷம் உலகத்துல சூரியன் தெரியிற எந்த ஊர்ல நின்னு சூரியனுக்கு நேரா திரும்பினாலும் அதுதான் கிப்லா. மதுரையில அது கத்திரி வெயில் முடியிற சமயம், பெரும்பாலும் வானம் சுத்தமா இருக்கும். கொத்தனார்கிட்ட ஒரு தூக்குக்குண்டு வாங்கி மொட்டைமாடியில கொடிக்கம்பியில கட்டித் தொங்க விடுங்க, ஆடாம நிக்கட்டும். 2:48க்கு தரையில விழுற நூலோட நிழல் மேல சாக்பீஸால கோடு போடுங்க. ஒரு மீட்டர் நூலுக்கு நிழல் 80 சென்டிமீட்டர் இருக்கும், கிழக்குல இருந்து கொஞ்சம் தெற்குப் பக்கமா சாஞ்சு நீளும். நிழலோட நுனியில நின்னு குண்டைப் பாத்தா நீங்க மக்காவைப் பாக்குறீங்க. அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஆனாலும் அரை டிகிரி கூடப் பிசகாது, ஒரு நாள் தள்ளிப் பாத்தாலும் பெரிய தப்பு வராது. போன் திசைகாட்டியை விட இதைத்தான் நான் நம்புவேன், பக்கத்துல இரும்பு கிரில்லோ கான்கிரீட் கம்பியோ இருந்தா போன் முள்ளு திரும்பிடும், நிழலுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

மே மாசம் மேகம் மறைச்சிருச்சுன்னா ஜூலை 16 மதியம் 2:57க்கு இதையே திரும்பச் செய்யலாம், லீப் வருஷமா இருந்தா ரெண்டு தேதியும் ஒரு நாள் முன்னாடி.