ஜேசிபி வழித்த விளை சுத்தமான விளை அல்ல

குமரி மாவட்டத்தில் அருமனை தொடங்கி முஞ்சிறை வரை ஆற்றோரத்தில் விளை, அதாவது தோட்ட நிலம், வாங்கி வீடு கட்டப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஜேசிபிக்கு மணிக்கூலி எவ்வளவு என்றுதான். களைப்புதரை ஒரே நாளில் வழித்து ஆத்தோரம் தள்ளிவிட்டால் போதுமாம். அடுத்த மழை முடிந்ததும் அஸ்திவாரத்தைச் சுற்றிக் காடு மண்டிவிட்டது என்று அவர்களே போன் செய்கிறார்கள். எத்தனை பேருக்குத்தான் தனித்தனியாகச் சொல்வது?

நெய்வேலிக் காட்டாமணக்கை ஜேசிபி ஒழிப்பதில்லை, நறுக்கி நட்டுவிடுகிறது. வாளி ஒரு செடியை இருபது துண்டாக உடைத்தால் அத்தனையும் ஈரமண்ணில் வேர் பிடிக்கும். மஞ்சள் பூவோடு தரையில் படரும் வெடேலியாவும், மரத்தை மூடி ஏறும் மிக்கானியாவும் கணுவுக்குக் கணு வேர்விடும் கொடிகள். கணு உள்ள விரல்நீளத் துண்டே போதும். ஆற்றோரம் தள்ளிய குவியல் முதல் வெள்ளத்தில் கீழ்க்கரைக்காரர் விளைக்குப் போய்ச் சேரும். நிரப்பு மண்ணுக்குள் புதைத்தாலும் தீராது. மேலே கிடப்பது முளைக்கும், ஆழத்தில் கிடப்பது மக்கிப் பொந்தாகித் தளம் தாழும். தீ வைத்தால் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைப்புதர் மண்ணுக்கடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பக்கத்து ரப்பர் விளைக்குத்தான் ஆபத்து.

வேலையைத் துலாமழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே தொடங்குங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கம் சரியான நேரம். கம்யூனிஸ்ட் பச்சை விதை பறக்கவிடுவதற்குள் வேரோடு பிடுங்கிவிடலாம். ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து கீழ்நோக்கி, பத்தடிப் பட்டையாக நகருங்கள். அப்படிச் செய்தால் நழுவிய துண்டு சுத்தம் செய்த இடத்துக்குத் திரும்பி வராது. கொடியை இழுத்து அறுக்காமல் சுருட்டி எடுக்க வேண்டும். காட்டாமணக்கை வெட்டோத்தியால் (வெட்டுக்கத்தி) சீவாமல் கடப்பாரை கொடுத்துத் தூரோடு கிளப்ப வேண்டும். முள் நிறைந்த ஆனைத்தொட்டாவாடி இருந்தால் கனத்த கையுறையும் முழங்கால் பூட்ஸும் இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். புதருக்குள் பாம்பும் இருக்கும்.

பிடுங்கியதை வெள்ளம் ஏறாத மேட்டில் தார்ப்பாய் விரித்துப் போடுங்கள், மண்ணில் படக்கூடாது. ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காய வேண்டும், நாலு வாரமாவது பிடிக்கும். காட்டாமணக்கை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், விஷம்.

கட்டடம் வரும் இடத்தில் மட்டும் ஜேசிபி இறங்கட்டும், அதுவும் கையால் பிடுங்கி முடித்த பிறகு. சீமைக்கருவேலத் தூரை 60 செ.மீ. ஆழம்வரை தோண்டி எடுத்து, குழியை 20 செ.மீ. அடுக்காக மண்போட்டு, தண்ணீர் விட்டு இடித்து நிரப்புங்கள். வண்டி அடுத்த விளைக்குப் போகுமுன் வாளியையும் சக்கரத்தையும் அங்கேயே கழுவச் சொல்லுங்கள். இதை யாரும் செய்வதில்லை.

கரை விளிம்பிலிருந்து ஐந்து மீட்டருக்குள் இயந்திரமே வேண்டாம், களைக்கொல்லியும் வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் கீழே குடிக்கிறார்கள். எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தை வைத்து அளந்து பாருங்கள், அந்தப் பட்டையில் பாதி ஆற்றுப் புறம்போக்காகவும் இருக்கலாம். அங்கே நிற்கும் கைதை (தாழை), புன்னை, நீர்மருது எதையும் தொடாதீர்கள். காடு என்று நினைத்து அவற்றையும் சேர்த்து வழித்தவர்கள்தான் பிறகு கரை இடிந்தது என்று கருங்கல் கட்டச் செலவழிக்கிறார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெறும் மண்ணாக விட்டால் களை திரும்பும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும்போது சரிவின் குறுக்கே வரிசையாக, 15 செ.மீ. இடைவெளியில் வெட்டிவேர் நடுங்கள். அதன்பின் முதல் ஆறு மாதம், மாதம் ஒருமுறை நடந்து பார்த்து முளைத்ததைப் பிடுங்கிவிடுங்கள், தயவுசெய்து. இரண்டாம் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். நிரப்புக்கு டிப்பரில் மண் வந்தால், எந்த விளையில் வெட்டிய மண் என்று கேட்டு, பச்சைத் தண்டு கலந்திருந்தால் இறக்கவிடாமல் திருப்பி அனுப்புங்கள்.