அங்கி: ஒரு பெயர், மூன்று உடுப்பு

அக்காள் மகனுக்குக் குருப்பட்டம், அதாவது கத்தோலிக்கச் சாமியாராகும் சடங்கு, என்று நாள் குறித்ததும், "அங்கி உன் பொறுப்பு" என்று அக்காள் என் தலையில் கட்டிவிட்டாள். புதுச்சேரியில் சாமியார்களுக்குத் தைத்துப் பழகிய ஒரு தையற்காரரிடம் போய், "ஒரு அங்கி தைக்கணும்" என்றேன்.

"எந்த அங்கி சார்? வெளிய போடுறதா, பூசைக்கு உள்ள போடுறதா, மேல போடுறதா?"

அங்கி என்றால் அங்கிதானே என்ற நினைப்பில், "நீங்க வழக்கமா தைக்கிறதுதான்" என்று சொல்லி அளவைக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் கழுத்திலிருந்து கணுக்கால்வரை பொத்தான் வரிசையோடு ஒன்று வந்து சேர்ந்தது. அக்காள் கேட்டதோ முதல் பூசைக்கு மேலே போடும் பட்டுடுப்பு. தையற்காரரைக் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்டார். எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

அங்கி வடமொழி வழியாக வந்த சொல். அங்கம் என்றால் உடம்பு. உடம்பில் போடுவது அங்கிகா. அது தமிழில் அங்கி ஆயிற்று. தேவாரம் படிப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் குழம்பலாம். அங்கே வரும் அங்கி தீ, அக்கினியின் திரிபு. எழுத்து ஒன்றே தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தொளதொளவென்று நீளமாக எது தொங்கினாலும் அங்கி என்பதுதான் நம் வழக்கம். வழக்கறிஞர் போடுவது அங்கி, பட்டமளிப்பு விழாவில் வாடகைக்கு எடுப்பதும் அங்கி. பழைய தமிழ் பைபிளில் யாக்கோபு தன் செல்ல மகன் யோசேப்புக்குச் செய்து கொடுத்ததும் "பலவருண அங்கி"தான். பொதுச்சொல்லாக அது நன்றாகவே உழைக்கிறது. கோயிலுக்குள் போனால்தான் சிக்கல்.

என் கையில் வந்து சேர்ந்த பொத்தான் அங்கி, சாமியார் தெருவில் போடும் உடை. பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சுத்தான் என்பார்கள். "கீழே" என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது, அதாவது உள்ளுடை. நம் வெயிலுக்கு வெள்ளையில் தைக்கிறார்கள். புனித பவுலின் பெயரைச் "சம்பா கோயில்" என்று உருட்டி எடுத்த ஊர் இது. சுத்தானையும் அங்கியில் அடக்கிவிட்டதில் வியப்பில்லை.

மற்ற இரண்டையும் பூசைக்கு முன் சக்கிறீஸ்தில், அதாவது சாமியார் உடுத்தும் அறையில், நின்று பார்த்தால்தான் புரியும். ஒருநாள் விடியற்காலைப் பூசைக்கு முன் பார்த்தேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அகலமான இழுப்பறையை இழுத்ததும் அந்துருண்டை வாசம் தூக்கியது. கனத்த பட்டுத்துணியை நாலாக மடித்தால் மடிப்பு விழும் இடத்தில் இற்றுவிடும் என்பதால் அப்படியே நீட்டிப் படுக்க வைத்திருந்தார். அடியில் இருந்த ஒரு பழைய உடுப்பில் சரிகை கறுத்துப் போயிருந்தது, கடற்காற்று ஊர் ஆயிற்றே. அதன் முன்பக்கம் கை அசைய வசதியாக இருபுறமும் வெட்டி, வயலின் பெட்டி மாதிரி இருந்தது. இப்போது அந்த வெட்டு அதிகம் இல்லை, முழுவட்டமாகத் தோளிலிருந்து வழிவதுதான் வழக்கம்.

சாமியார் முதலில் கணுக்கால்வரை வரும் வெள்ளை உடுப்பை மாட்டினார். இலத்தீனில் இதற்கு ஆல்பா என்று பெயர், பொருள் "வெள்ளை" என்பதுதான். இடுப்பில் கயிறு கட்டினார். நீளப் பட்டை ஒன்றை எடுத்து, கழுத்தில் வரும் சிலுவையை முத்தமிட்டுத் தோளில் போட்டார். எல்லாவற்றுக்கும் மேலே பட்டுடுப்பைத் தலைவழியாக இறக்கினார். நாளுக்கும் காலத்துக்கும் ஏற்ற வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் இதில்தான் மாறும்.

இந்த மேலுடுப்பின் இலத்தீன் பெயர் காசுலா. காசா என்றால் வீடு, காசுலா சின்ன வீடு, குடிசை. ஆளையே மூடி நிற்பதால் அந்தப் பெயர். பிறந்தபோது இதற்கும் பூசைக்கும் சம்பந்தமே கிடையாது. ரோமானியர்கள் மழைக்கும் குளிருக்கும் தலைவழியாக மாட்டிக்கொண்ட போர்வை இது. வெள்ளையுடுப்பும் அவர்கள் அன்றாடம் போட்ட சட்டைதான். ஊரார் உடுப்பு காலப்போக்கில் குட்டையாகி மாறியது, கோயிலில் பழசு அப்படியே நின்றுவிட்டது. நாமெல்லாம் கால்சட்டைக்கு மாறிய பிறகும் சிவன் கோயில் குருக்கள் பஞ்சகச்சத்தில் நிற்கிறாரே, அதே கதை.

ரோமானியச் சட்டை நமக்குப் புதிதும் அல்ல. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. தைத்த சட்டைக்காரர்களைத் தமிழர் கண்டதற்கு முல்லைப்பாட்டு சாட்சி. பாசறையில் அரசனுக்குப் பணி செய்யும் யவனர்களை, அதாவது மேற்கிலிருந்து வந்த கிரேக்க, ரோமானியர்களை, அது "மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து" என்கிறது. மெய்ப்பை, உடம்புக்கு ஒரு பை! அங்கமும் மெய்யும் ஒன்றுதானே. அங்கிக்கு நேரான தமிழ்ச்சொல்லை யாரும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை, முன்னமே இருக்கிறது.

இருந்தாலும் மெய்ப்பையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பை என்றால் இன்றைக்குக் காய்கறிக் கடைக்குக் கொண்டுபோவது. "சாமியார் மெய்ப்பை அணிந்து வந்தார்" என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். தெருவில் போடுவதற்கு அங்கி என்ற பெயரே இருக்கட்டும். உள்ளே போடும் வெள்ளையை வெண்ணங்கி என்றால் போதும், ஆல்பாவின் பொருளும் அதில் வந்துவிடுகிறது. காசுலாவைக் குடிலுடை என்று பெயர்க்கும் ஆசை எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பூசை மேலுடை என்பது பளிச்சென்று புரிகிறது. மொத்தமாகச் சொல்லத் திருவுடை இருக்கிறது.

தோளில் போடும் பட்டையைத் "தோள்பட்டை" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, எலும்பு மருத்துவர் நினைவுதான் வருகிறது. தோள்துகில் அழகு. அதைவிட இயல்பானது தோள்துண்டு. இதற்கு ஒரு பின்னணியும் உண்டு. 1969இல் இந்தியாவுக்கென்று உரோமைத் திருச்சபைத் தலைமை ஒப்புதல் தந்த பன்னிரண்டு வழிபாட்டு மாற்றங்களில் உடையும் ஒன்று. ரோமானிய அடுக்குகளுக்குப் பதில் எளிய நீளுடை ஒன்றும் தோளில் அங்கவஸ்திரமும் போதும் என்றார்கள். அந்த மாற்றங்களுக்கு முன்னின்ற அருட்தந்தை அமலோற்பவதாஸ் நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்காரர். சுற்றிச் சுற்றி மறுபடி அங்கத்துக்கே வந்துவிட்டோம் பாருங்கள். அங்கவஸ்திரத்துக்கு நம் வீட்டுப் பேச்சில் துண்டு என்றுதானே பெயர்?

சரி, தையற்காரரிடம் திரும்பப் போன கதை. இந்த முறை தெளிவாக, "பூசை மேலுடை, வெள்ளைப் பட்டு, முதுகில் சிலுவை" என்றேன். தலையாட்டிக்கொண்டே நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

"அங்கி – பெரிசு" என்று இருந்தது.