துள்ளும் சுண்டெலியும் நெல்லிக்காய் ஜூஸும்

வட சென்னையின் வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை என்று செய்தித்தாளில் பெயர் வந்தால், பாதி நாள் பக்கத்திலேயே ‘போதை மாத்திரை’யும் வந்துவிடுகிறது. அடிக்கடி பிடிபடுவது டேபென்டடால். கடும் வலிக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்து. மார்பின், ஹெராயின் போல ஓபியாய்டு வகைதான். அதை நிறுத்திய பையனுக்கு உடம்பை முறித்துப் போட்டாற்போல வலி, வயிற்றுப்போக்கு, ராத்திரி பூரா விழிப்பு. “நெல்லிக்கா ஜூஸ் குடுத்தா அடங்குமாண்ணே?” என்று மருந்துக்கடையில் ஒரு அம்மா கேட்டால் சிரிக்க வேண்டாம். கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் ஆய்வகங்களும் எலிகளை வைத்துக் கேட்டு வருகின்றன.

சுண்டெலிக்குச் சில நாள் மார்பின் ஊசி, அளவைக் கூட்டிக்கொண்டே. அப்புறம் நலாக்சோன். நரம்பு செல்லில் மார்பின் ஒட்டியிருக்கும் இடமான ஏற்பியிலிருந்து அதைத் தள்ளிவிடும் மருந்து இது. போட்ட கையோடு எலியை உயரமான கண்ணாடி உருளைக்குள் விடுவார்கள். சில நிமிடங்களில் அது நான்கு காலும் தரையை விட்டு எழும்பத் துள்ள ஆரம்பிக்கும். பழகிய மருந்து திடீரென விலகியதற்கான விலகல் அறிகுறி இது. ஒருவர் உட்கார்ந்து துள்ளலை எண்ணுவார். பெரிய எலியாக இருந்தால் நனைந்த நாய் போல உடம்பை உதறும், பல்லைக் கடகடவென அடிக்கும்.

உள்ளே நடப்பது என்ன? தொடர்ந்து மார்பின் ஏறும்போது நரம்புத் திசுவில் சூப்பர்ஆக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு என்ற இரண்டு வினைமிகுந்த மூலக்கூறுகள் பெருகுகின்றன. இரண்டும் சேர்ந்தால் பெராக்ஸிநைட்ரைட். இது சூப்பர்ஆக்சைடை ஒழிக்க வேண்டிய நொதியையே முடக்கிவிடுகிறது. நரம்புகள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை அள்ளி அகற்றும் புரதங்களையும் கெடுக்கிறது. தேங்கிய குளூட்டமேட் நரம்பைத் தூண்ட, இன்னும் நைட்ரிக் ஆக்சைடு. சுற்றிச் சுற்றி இதேதான். பெராக்ஸிநைட்ரைட்டைக் குறைத்தால், பழைய அளவு மார்பினே வலிக்குத் தொடர்ந்து வேலை செய்கிறது என்று 2007-ல் ஆய்வாளர் டானியேலா சால்வெமினியின் குழு சுண்டெலிகளில் காட்டியது. வைட்டமின் சி, மஞ்சளின் குர்குமின் முதலிய ஆன்டிஆக்சிடன்ட்கள், அதாவது இத்தகைய மூலக்கூறுகளை அடக்கும் பொருட்கள், விலங்குகளில் விலகல் அறிகுறிகளைக் குறைத்த ஆய்வுகளும் உண்டு.

சரி, அப்போ ஜூஸ்? இங்கேதான் எனக்கு இடிக்கிறது. இத்தகைய சோதனைகள் பலவற்றில் ஆன்டிஆக்சிடன்ட்டை மார்பினோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். பழக்கம் ஊறிய பிறகு அல்ல. தெருவில் யாரும் முதல் நாளே சிகிச்சைக்கு வருவதில்லை. போதாததற்கு, எலியின் கல்லீரல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். நம்முடையதால் முடியாது. அதன் கணக்கை நமக்கு அப்படியே போட முடியாது.

கொஞ்சம் நம்பிக்கை தருவது என்-அசிடைல்சிஸ்டைன். பாரசிட்டமாலை அளவுமீறி விழுங்கியவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் அதே மருந்து. ஹெராயினுக்கு ஏற்கெனவே பழகிய எலிகளில், அந்தப் போதையோடு சேர்ந்து வந்த விளக்கையும் ஒலியையும் கண்டதும் பிறக்கும் தேடலை இது குறைத்ததாக 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அங்கே அது வெறும் ஆன்டிஆக்சிடன்ட்டாக வேலை செய்யவில்லை. மூளையில் நிலைகுலைந்த குளூட்டமேட் அளவைச் சரிக்கட்டியது என்பதே முக்கிய விளக்கம். எலிக்குக் கூண்டில் ஒரு விளக்குதான். பையனுக்கோ தெருமுனை, கூட்டாளிகள், கடற்கரைச் சுவர் என்று எல்லாமே விளக்கு.

ஓபியாய்டு பழக்கத்துக்கு இன்று மனிதர்களிடம் நன்கு நிரூபணமான மருந்துகளில் முக்கியமானவை புப்ரெனார்ஃபின், மெத்தடோன். இரண்டுமே டாக்டர் கண்காணிப்பில். சில வாரம் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். அப்போது பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். மாத்திரையை விட்ட பையனை வீட்டிலேயே வைத்து ஜூஸ் கொடுத்துப் பார்ப்பதில் எனக்குள்ள பெரிய பயம் அதுதான்.